அவை நேரலையில் கேமரா ஏன் தலைவர் பக்கம் திரும்புகிறது?

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோதே படம் அவைத் தலைவருக்கு மாறியது, குரல் அமுங்கியது, சில நிமிடங்களில் மசோதா நிறைவேறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ பொத்தானை அழுத்தி மறைக்கிறார்களா, இதற்கென்று விதி இருக்கிறதா, அமெரிக்காவில் குழு விசாரணைகளையே முழுமையாகக் காட்டும்போது இந்திய நாடாளுமன்றக் குழுக்கள் மட்டும் ஏன் திரைக்கு வருவதில்லை என்று கேட்கிறீர்கள். பதிவுசெய்து வைத்திருக்கும் காணொளித் துண்டைப் பகிரலாமா என்பது கடைசிக் கேள்வி. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றே: நேரலையில் பார்த்ததை எந்த அளவுக்கு நம்பலாம்? ஒரு சட்டமன்றத்தின் நேரலைப் பிரிவில், பல கேமராக்களிலிருந்து வரும் படங்களில் எது வெளியே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். என் அனுபவத்தில், நேரலை காட்டியதைத் தாராளமாக நம்பலாம். அது காட்டாமல் விட்டதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

முதலில் கேமரா யாருடையது என்று பார்ப்போம். செய்திச் சேனல்கள் தங்கள் கேமராவை அவைக்குள் வைத்திருக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் சி-ஸ்பான் 1979 மார்ச் 19 அன்று பிரதிநிதிகள் சபையை ஒளிபரப்பத் தொடங்கியது. கேபிள் நிறுவனங்கள் தரும் பணத்தில் நடக்கும் லாபநோக்கற்ற அமைப்பு அது. அரசு அதற்குப் பணம் தருவதில்லை. அப்படிப்பட்ட அமைப்புக்குக்கூடச் சபைக்குள் சொந்தக் கேமரா கிடையாது. கேமராக்கள் சபைக்குச் சொந்தம், இயக்குபவர்கள் சபையின் ஊழியர்கள். சபை தரும் படத்தைச் சி-ஸ்பான் வெட்டாமல் தருகிறது, அவ்வளவுதான். செனட் 1986 ஜூனில்தான் கேமராவுக்கு இணங்கியது. அங்கும் இதே ஏற்பாடு. இந்தியாவில் மக்களவைத் தொலைக்காட்சி 2006-லும் மாநிலங்களவைத் தொலைக்காட்சி 2011-லும் வந்தன. 2021 செப்டம்பரில் இரண்டையும் இணைத்துச் சன்சத் டிவி ஆக்கினார்கள். அவைக்குள்ளிருந்து வரும் மூலப்படம் அந்த அமைப்பினுடையது. தனியார் சேனல்கள் அதை வாங்கித் தங்கள் முத்திரையை ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, ‘எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரிதான் வந்தது’ என்று நீங்கள் சொல்லும் வாதம் எதையும் நிரூபிக்காது. ஒரே குழாயில் வரும் தண்ணீரைப் பத்துக் குடத்தில் பிடித்தாலும் அது பத்துக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது.

இனி, படம் ஏன் தலைவருக்கு மாறுகிறது என்பது. இதற்கு விதியும் உண்டு, வழக்கமும் உண்டு. பிரிட்டனின் காமன்ஸ் சபை பல ஆண்டுகள் தயங்கிவிட்டு 1989 நவம்பர் 21 அன்று கேமராவை உள்ளே விட்டது. அப்போது வகுத்த விதிகள் மிகக் கறாரானவை. பேசுபவரின் தலையும் தோளும் தெரிந்தால் போதும். கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகபாவத்தைக் காட்டக் கூடாது. பார்வையாளர் மாடத்தைக் காட்டக் கூடாது. அமளி ஏற்பட்டால், அது அடங்கும்வரை சபாநாயகரையே காட்ட வேண்டும். சில மாதங்களில் இவை கொஞ்சம் தளர்ந்தன. அமளியின்போது தலைவருக்குத் திரும்புவது மட்டும் பல நாடுகளில் அவை ஒளிபரப்பின் பழக்கமாகவே நிலைத்துவிட்டது. கேமரா இருக்கிறது என்று தெரிந்தால் கலகம் செய்பவருக்கு அதுவே ஊக்கம் ஆகிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அமளிக்குக் காரணமான கேள்வியும் அமளியோடு சேர்ந்து திரையிலிருந்து காணாமல் போகிறது என்பதும் அதே அளவு உண்மை. காமன்ஸ் காட்சிகளை அரசியல் நையாண்டி நிகழ்ச்சிகளில் பயன்படுத்தக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதன் காரணமாக 2011-ல் ஓர் அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியின் ஒரு பகுதி பிரிட்டனில் ஒளிபரப்பாகாமல் போனது. சிரிக்கக் கூடாது என்று விதி போட்டால் சிரிப்பு எங்கே போகும் என்று அவர்களுக்குத் தோன்றாதது எனக்கு இன்றும் வியப்பு.

கேமராவின் கோணம் எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு 1984 மே மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. அன்றாட அலுவல் முடிந்த பிறகு எந்த உறுப்பினரும் எதைப் பற்றியும் நீளமாகப் பேசலாம் என்று ஒரு நேரம் அங்கே உண்டு. நியூட் கிங்ரிச், ராபர்ட் வாக்கர் முதலிய குடியரசுக் கட்சியினர் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு ஜனநாயகக் கட்சியினரைப் பெயர் சொல்லித் தாக்கினார்கள். பதில் சொல்ல ஆள் இருந்தால் சொல்லட்டும் என்பதுபோல நடுநடுவே நிறுத்தினார்கள். பதில் வரவில்லை. வராததற்குக் காரணம், சபையில் ஆளே இல்லை. கேமரா பேசுபவரை மட்டுமே காட்ட வேண்டும் என்ற விதியால், வீட்டில் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. எதிர்த்தரப்பு வாயடைத்துப் போய்விட்டது என்றே பட்டது. சபாநாயகர் டிப் ஓ’நீல் பொறுமையிழந்து, கேமராவைச் சபை முழுக்கச் சுழற்றிக் காட்டச் சொன்னார். வாக்கர் பேசிக்கொண்டிருக்க, காலி இருக்கைகள் வரிசை வரிசையாகத் திரையில் ஓடின. முன்னறிவிப்பு இல்லாமல் இப்படிச் செய்தது நியாயமா என்று பெரிய சண்டை மூண்டது. அந்தச் சண்டையில் ஓ’நீல் உதிர்த்த கடுஞ்சொல்லே சபைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. கவனியுங்கள்: ஓ’நீல் பொய்யாக எதையும் காட்டவில்லை, அதற்கு முன் ஒளிபரப்பானதும் பொய்யில்லை. இரண்டும் உண்மைப் படங்கள். எந்த உண்மையைக் காட்டுவது என்பதைப் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் ஒருவர் முடிவு செய்தார்.

இதன் மறுபக்கம் 2023 ஜனவரியில் தெரிந்தது. புதிய பிரதிநிதிகள் சபை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் 15 சுற்று வாக்கெடுப்பு நடத்தியது. சபாநாயகர் இல்லாததால் சபையின் வழக்கமான கேமரா விதிகளும் நடைமுறையில் இல்லை. சி-ஸ்பானின் சொந்தக் கேமராக்கள் உள்ளே இருந்தன. எதிரெதிர்த் துருவங்களான குடியரசுக் கட்சியின் மேட் கேட்ஸும் ஜனநாயகக் கட்சியின் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் நின்று பேசுவதும், கேட்ஸை நோக்கிப் பாய்ந்த ஓர் உறுப்பினரைச் சக உறுப்பினர் பிடித்து இழுப்பதும் நேரலையில் வந்தன. சபை இவ்வளவு உயிரோடு இருக்கும் என்று பலர் அப்போதுதான் கண்டார்கள். கெவின் மெக்கார்த்தி தேர்வானார், விதிகள் வந்தன, கேமரா மறுபடியும் பேசுபவர் முகத்துக்குத் திரும்பியது. அந்தச் சுதந்திரத்தைத் தொடரும்படி சி-ஸ்பான் விடுத்த வேண்டுகோள் பலிக்கவில்லை.

அடுத்தது ஒலி. உங்கள் சந்தேகத்தின் மையம் இதுதான் என்பதால் கட்டுப்பாட்டு அறைக்குள் கொஞ்சம் அழைத்துப் போகிறேன். எங்கள் மேசைக்கு முன்னால் கேமராவுக்கு ஒன்றாக மானிட்டர்கள், பக்கத்தில் இருக்கை வரைபடம், அதில் எண்ணும் பெயரும். அவைத் தலைவர் ஒருவரை அழைத்ததும் உதவியாளர் இருக்கை எண்ணைச் சொல்வார். கேமரா இயக்குபவர் அந்த எண்ணை அழுத்த, கேமரா தானாகத் திரும்பி அந்த இருக்கையில் நிற்கும். இதற்குச் சில நொடிகள் ஆகும். குறுக்கே எழுந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்காருபவரைப் படம் எட்டிப்பிடிப்பதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார். மைக் தனி மேசை. அது எங்கள் கையில் இல்லை. இருக்கைதோறும் மைக் இருந்தாலும் தலைவர் அனுமதித்தவருடையது மட்டுமே திறந்திருக்கும். தலைவருடையது எப்போதும் திறந்திருக்கும். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது நீங்கள் வீட்டில் கேட்பது, தலைவரின் மைக்கில் தற்செயலாக விழும் இரைச்சல்தான். உள்ளே காது அடைக்கும். வெளியே அது தூரத்துச் சந்தடியாக வரும். மாநிலங்களவையில் உடனடி விவகாரங்களை எழுப்பும் நேரத்தில் ஓர் உறுப்பினருக்கு மூன்று நிமிடம், அது முடிந்ததும் மைக் தானாக நின்றுவிடும். அதை யாரும் ஆணையிட்டு நிறுத்த வேண்டியதில்லை. ஆகவே ‘மைக்கை அணைத்தார்கள்’ என்று உறுப்பினர் சொல்வதும், ‘யாரும் அணைக்கவில்லை’ என்று தலைவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். தலைவர் அடுத்தவரை அழைத்த கணத்தில் முந்தையவரின் மைக் மூடிக்கொள்கிறது. மூடிய மைக்கைப் பார்த்து அவர் கோபப்படுகிறார். நானாக இருந்தாலும் கோபப்படுவேன்.

அதனால் யாரும் எப்போதும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. இங்கேதான் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2014 பிப்ரவரி 18 அன்று ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதா மக்களவையில் நிறைவேறிய நேரத்தில் நேரலை நின்றுபோனது. நின்றது உறுதி. தொழில்நுட்பக் கோளாறு என்று அதிகாரத் தரப்பு சொன்னது, வேண்டுமென்றே செய்த இருட்டடிப்பு என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். நின்றுபோன படத்தை மட்டும் வைத்து இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் ராகுல் காந்தி பேசிய 37 நிமிடங்களில் பாதி நேரம்கூடச் சன்சத் டிவி அவரைக் காட்டவில்லை, தலைவரையே அதிகம் காட்டியது என்று காங்கிரஸ் குற்றம்சாட்டியது. பதிவு பொதுவெளியில் இருப்பதால் நிமிடக் கணக்கை எவரும் சரிபார்க்கலாம். நோக்கம் என்னவென்று பதிவு சொல்லாது. என் தொழில் கண்ணுக்கு ஒன்று படும்: அமளி நடக்கும்போது சில நொடிகள் தலைவரைக் காட்டுவது பழக்கம், ஒருவர் தடையில்லாமல் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடக்கணக்கில் தலைவரையே காட்டுவது பழக்கம் இல்லை. அப்படி நடந்தால் கேள்வி கேட்பது நியாயமே. இதே மக்களவைத் தொலைக்காட்சிதான் 2008 ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பின்போது, உறுப்பினர்கள் நோட்டுக்கட்டுகளை அள்ளிக் காட்டிய காட்சியை நாடு முழுக்க நேரலையில் காட்டியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நீங்கள் எழுதிய நிகழ்வுக்கு மிக நெருக்கமானது 2020 செப்டம்பர் 20. மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் பெரும் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எண்ணி வாக்கெடுப்பு நடத்தக் கேட்டோம், மறுக்கப்பட்டது என்றன எதிர்க்கட்சிகள். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது துணைத் தலைவர் தரப்பின் விளக்கம். பிறகு மாநிலங்களவைத் தொலைக்காட்சியின் பதிவையே நேரம் குறித்துப் பார்த்த நாளிதழ் ஒன்று, திருச்சி சிவா உள்ளிட்டோர் இருக்கையிலிருந்தே கேட்டது தெரிகிறது என்று எழுதியது. இருக்கையில் இருந்தால் மட்டும் போதாது, அவையில் ஒழுங்கும் நிலவ வேண்டும் என்று துணைத் தலைவர் பதில் தந்தார். எது சரி என்பது அவை விதி பற்றிய வழக்கு. அதில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அவையின் சொந்தக் கேமரா, அவையின் தலைமை சொன்னதைச் சரிபார்க்கப் பயன்பட்டது. பேசுபவரை மட்டும் காட்டு என்று எவ்வளவு விதி போட்டாலும் படத்தின் ஓரத்தில் ஏதோ ஒன்று விழத்தான் செய்யும். உங்கள் பதிவையும் அப்படிப் பாருங்கள்: மையத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, பின்வரிசையில் யார் நிற்கிறார்கள், யார் கையை உயர்த்துகிறார்கள், மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று.

குழு விசாரணைகள் வேறு உலகம். அங்கே ஒருவர் கேட்க, ஒருவர் சத்தியப் பிரமாணத்தின் கீழ் பதில் சொல்கிறார். தொலைக்காட்சிக்கென்றே செய்ததுபோல இருக்கும். 1951-ல் குற்றக் கும்பல்களை விசாரித்த அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவின் முன் வந்த பிராங்க் கோஸ்டெல்லோ என்ற தாதா, தன் முகத்தைக் காட்டக் கூடாது என்றார். கேமரா அவருடைய கைகளைக் காட்டியது. பதற்றத்தில் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கைகள் முகத்தைவிட அதிகம் சொல்லிவிட்டன. 1954-ல் ராணுவத்துக்கும், கம்யூனிஸ்டு வேட்டையால் பெயர்பெற்ற செனட்டர் ஜோசப் மெக்கார்த்திக்கும் இடையிலான விசாரணையை ஏ.பி.சி., டுமாண்ட் ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆரம்பம் முதல் முடிவுவரை காட்டின. ராணுவத்தின் வழக்கறிஞர் ஜோசப் வெல்ச், உமக்குக் கண்ணியமே இல்லையா என்று கேட்ட ஜூன் 9 நேரலை மெக்கார்த்தியின் சரிவோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1973 வாட்டர்கேட் விசாரணையில், வெள்ளை மாளிகையில் பேச்சுகளைப் பதிவுசெய்யும் கருவி இருந்ததை அதிபர் நிக்சனின் உதவியாளராக இருந்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு கேமராவுக்கு முன்னால்தான் சொன்னார். இந்தப் பெருமைக்கு நடுவே ஒன்றைச் சொல்ல வேண்டும்: பிரதிநிதிகள் சபைக் குழுக்களில் ஓர் உறுப்பினருக்குக் கேள்வி கேட்க ஐந்து நிமிடம். இன்று பலர் அதில் நான்கு நிமிடத்தைத் தாங்களே பேசிவிட்டு, சாட்சி வாய் திறக்கும்போது குறுக்கிடுகிறார்கள். மாலையில் பகிர அது நல்ல துண்டு. விசாரணை என்ற பெயருக்கு அது பொருந்தாது.

இந்தியாவில் குழுக்கள் திரைக்கு வராததற்குக் காரணம் எளிது: குழுக் கூட்டங்கள் தனிமையில் நடக்க வேண்டும் என்று மக்களவையின் 266-ஆம் விதியே சொல்கிறது. 1993-ல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தபோதும் இது மாறவில்லை. கேமரா இல்லாததால்தான் உறுப்பினர்கள் கட்சி வேறுபாட்டை மறந்து பேசுகிறார்கள், ஒருமித்த அறிக்கைகள் சாத்தியமாகின்றன என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். அனுபவமுள்ள உறுப்பினர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதை நான் நம்பவும் செய்கிறேன். இருந்தாலும் இதற்கு இரண்டே வழிதான் என்பது சரியில்லை. பிரிட்டனில் அமைச்சகங்களைக் கண்காணிக்கும் நாடாளுமன்றத் தேர்வுக் குழுக்கள் சாட்சியம் கேட்பதைத் திறந்த அவையில் நடத்துகின்றன. அறிக்கையில் என்ன எழுதுவது என்று விவாதிப்பதைக் கதவை மூடி நடத்துகின்றன. ஓர் அமைச்சகத்தின் செயலர் குழுவின் முன் சொல்லும் பதிலைப் பொதுமக்கள் கேட்கக் கூடாது என்பதற்கு, பாதுகாப்பு போன்ற சில துறைகள் தவிர, எனக்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

கேமரா வந்ததால் அவையின் தரம் கெட்டதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உறுப்பினர்கள் கேமராவுக்கு ஏற்ப நடக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது உறுதி. காமன்ஸில் காலி இருக்கை தெரியாதபடி பேசுபவரைச் சுற்றி நெருக்கி உட்காரும் வித்தை, கேமரா வந்ததுமே பழக்கமாகிவிட்டது. தரம் கெட்டது என்பது ஐயத்துக்குரியது. கேமரா வருவதற்கு முன்பே, 1978-ல் காமன்ஸை வானொலியில் கேட்டவர்கள் அந்தக் கூச்சலைக் கண்டு திகைத்துப் போனார்கள்.

இனி உங்கள் துண்டு. பகிர்வதற்கு முன் அதே நாளின் திருத்தப்படாத அவைக்குறிப்பை மக்களவையின் இணையதளத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவைக்குறிப்பும் முழு உண்மை இல்லை. அமெரிக்கக் காங்கிரஸின் குறிப்பேட்டில் பேசாத பேச்சையே சேர்க்க உறுப்பினர்களுக்கு இடமுண்டு. பிரிட்டனின் அவைக்குறிப்பான ஹன்சார்டு, திரும்பத் திரும்பச் சொன்னதையும் வாய்தவறியதையும் களைந்துவிடும். இந்தியாவில் அவைத் தலைவர் தகாத சொல் என்று கருதுவதை 380-ஆம் விதிப்படி நீக்கலாம். அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். நேரலையில் கோடிப் பேர் கேட்ட சொல் மாலையில் நட்சத்திரமாகிவிடுவது வேடிக்கைதான். ஆனால் சட்டம் அதை வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. பீகார் சட்டமன்றப் பேச்சிலிருந்து நீக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்து வெளியிட்ட ‘சர்ச்லைட்’ நாளிதழின் வழக்கில், அத்தகைய வெளியீட்டைத் தடுக்கும் உரிமை அவைக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1958-ல் தீர்ப்பளித்தது. அவை நடவடிக்கைகளைச் செய்தியாக வெளியிடுவோரைக் காக்க பெரோஸ் காந்தி கொண்டுவந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நெருக்கடி நிலையில் நீக்கப்பட்டு 1977-ல் திரும்ப வந்தது. பிறகு அரசியல் சட்டத்தில் 361-ஏ பிரிவும் சேர்ந்தது. இவை உள்நோக்கமில்லாத, சாராம்சத்தில் உண்மையான செய்திகளுக்குப் பாதுகாப்புத் தருகின்றன. ஆனால் அவற்றின் வாசகம் நாளிதழையும் ஒலிபரப்பு நிலையத்தையும் மனத்தில் வைத்து எழுதியது. உங்களைப் போலத் தனியாகப் பதிவேற்றும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதியதில்லை. ஆகவே துண்டின் முன்னும் பின்னும் சில நிமிடங்களை வெட்டாமல் சேருங்கள், தேதியையும் நேரத்தையும் போடுங்கள். நட்சத்திரக் குறி விழுந்த சொல் உங்கள் துண்டில் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் ஒலியை அணைத்து, ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது’ என்று எழுதிவிடுங்கள்.